பட்டர் பிஸ்கட் ஏன் நமத்துப் போகிறது?

"சுடச்சுட நன்றாகத்தான் இருந்தது, மறுநாள் நமத்துப் போச்சு." வீட்டில் மெல்லிய பட்டர் பிஸ்கட் செய்து பார்த்தவர்களில் பெரும்பாலோர் பேக்கிங் வகுப்பில் முதலில் சொல்வது இதுதான். பழி வழக்கமாக அவன் (பேக்கிங் அடுப்பு) மீது விழும். காரணம் என்னவோ பிஸ்கட்டுக்குள் தங்கிவிட்ட தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது, எப்போது வெளியேறுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் வெண்ணெய். கடையில் வாங்கும் டேபிள் பட்டரில் சட்டப்படி குறைந்தது 80 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். தண்ணீர் 16 சதவீதம் வரையும், உப்பு 3 சதவீதம் வரையும் இருக்கலாம். அதாவது 80 கிராம் வெண்ணெய் போட்டால், கூடவே 13 கிராம் அளவுக்குத் தண்ணீரும் மாவில் சேர்கிறது. வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் தங்கியிருப்பதால் இந்தக் கணக்கு இன்னும் ஏறும். அதைக் குளிர்ந்த நீரில் அலசி, அழுத்திப் பிழிந்து, ஃப்ரிட்ஜில் இறுக வைத்து, கசிகிற நீரை வடித்த பிறகே எடை போடுங்கள். வெண்ணெய்க்குப் பதில் நெய் ஊற்றினால் பிஸ்கட் மணல் மணலாக உதிரும். நான்கடாய் என்ற உதிரும் பிஸ்கட்டுக்கு அது அழகு, மெல்லிய பிஸ்கட்டுக்குச் சரிப்படாது.

அளவு இதுதான்: மைதா 120 கிராம், வெண்ணெய் 80 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம். உப்பில்லாத வெண்ணெய் என்றால் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு. கப் அளவு வேண்டாம். மைதாவை அழுத்தி அள்ளுவதா, தளர அள்ளுவதா என்பதிலேயே 20, 30 கிராம் மாறிவிடும். தராசு அவசியம். இன்னும் கரகரப்பு வேண்டுமானால் மைதாவில் 20 கிராமைக் குறைத்து அதே எடைக்குச் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) சேர்க்கலாம். பேக்கிங் பவுடர் தேவையில்லை. வெல்லமும் தேனும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் இந்த பிஸ்கட்டுக்கு ஆகாது. முழுச் சர்க்கரை அவனுக்குள் போன பிறகுதான் கரையும், பிஸ்கட் பரவி ஓரம் சிதைந்துவிடும்.

நம் ஊர் வெயிலில் வெண்ணெயை வெளியே வைத்து மறந்துவிட்டால் எண்ணெயாகிவிடும். சிறு துண்டுகளாக நறுக்கி 10 நிமிடம் வெளியே வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் வழுக்கி உள்ளே போகக் கூடாது. சர்க்கரையோடு ஒரு நிமிடம் மட்டும் குழையுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல் நுரைக்க அடித்தால் காற்று சேர்ந்து, பிஸ்கட் அவனில் உப்பி, ஆறியதும் பொலபொலவென்று உடையும். மைதாவைச் சேர்த்ததும் விரல் நுனியால் திரட்டுங்கள், சப்பாத்தி மாவு மாதிரி பிசையவே கூடாது. திரளவில்லை என்றால் குளிர்ந்த பால் ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் ஊற்றினால் பிஸ்கட் கடிக்க முடியாமல் கெட்டியாகும்.

அதிகம் பேர் தடுமாறுவது தேய்க்கும் இடத்தில். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே மாவை வைத்து 3 மி.மீ. கனத்துக்குத் தேயுங்கள். அந்தக் கனமுள்ள இரண்டு ஸ்கேலை இருபுறமும் வைத்து அவற்றின் மேல் கட்டையை உருட்டினால் கனம் எங்கும் ஒரே மாதிரி வரும். ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 என்று இருந்தால் மெல்லிய பக்கம் கருகும்போது தடித்த பக்கம் பச்சையாகவே இருக்கும். தேய்த்த மாவைப் பேப்பரோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வெட்டுங்கள். முள்கரண்டியால் நாலைந்து குத்து குத்தினால் ஆவி வெளியேற வழி கிடைக்கும். 5 செ.மீ. வட்டமாக வெட்டினால் 30க்குக் குறையாமல் வரும்.

ஓடிஜி என்ற சிறிய மின்சார அவனை 160 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்கி, மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய, நடுத்தட்டில் 13 முதல் 15 நிமிடம் வையுங்கள். குமிழில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். உள்ளே வைக்கும் ஒரு வெப்பமானி வாங்கிவிட்டால் பல குழப்பங்கள் தீரும். ஓரம் இளம்பொன் நிறம், நடுவில் வெளிர் மஞ்சள், அதுவே பதம். கரும்பழுப்பு வரை விடாதீர்கள். கசப்பு ஒருபுறம் இருக்க, மாவுப் பண்டங்களை 120 டிகிரிக்கு மேல் சுடும்போது அக்ரிலமைடு என்ற, உடலுக்கு ஆகாததாகக் கருதப்படும் பொருள் உருவாகிறது, நிறம் கருகக் கருக அதன் அளவும் கூடும். பிஸ்கட்டுக்கு இதன் அளவு கிலோவுக்கு 350 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் ஓர் இலக்கே வைத்திருக்கிறது.

வெளியே எடுத்ததும் பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள். தட்டிலேயே 5 நிமிடம் விட்டு, பிறகு கம்பி ரேக்குக்கு மாற்றுங்கள். முழுதும் ஆறிய பிறகு ஒன்றை எடுத்து நடுவில் ஒடித்துப் பாருங்கள். சட்டென்று ஒடிந்தால் சரி. வளைந்து பிறகு பிய்ந்தால் நடுவில் ஈரம் இருக்கிறது. எல்லாவற்றையும் 130 டிகிரியில் 6 முதல் 8 நிமிடம் உலர்த்துங்கள். நிறம் ஏறாது, ஈரம் மட்டும் போகும். இந்த இரண்டாவது சூட்டைத்தான் வீட்டில் யாரும் செய்வதில்லை.

வெதுவெதுப்பாக ஒரே ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போனாலும் அதன் ஆவி மற்ற எல்லாவற்றையும் நமக்க வைத்துவிடும். சாதாரண எவர்சில்வர் சம்படத்தின் மூடி வழியே காற்று போகும், ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி மேல். கேக்கோடு சேர்த்து வைக்காதீர்கள், கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்கு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மொத்தமாகச் சுட்டு அடுக்குவதைவிட, மாவை உருளையாக்கி ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது மெல்லிய வில்லைகளாக வெட்டிச் சுடுவது நல்லது.

கடையில் வாங்குபவர்கள் பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக இருக்கும். மைதா, சர்க்கரை, பாமாயில் என்று தொடங்கி, வெண்ணெய் எங்கோ கடைசியில் சிறு சதவீதமாக இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது பாமாயில் பிஸ்கட்டுக்கு. 2022 ஜனவரி முதல் மொத்தக் கொழுப்பில், ஆலையில் எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. ஆனால் லேபிள் இல்லாமல் உதிரியாக விற்கும் பிஸ்கட்டில் என்ன கொழுப்பு என்பதைக் கடைக்காரரிடம் கேட்டால்தான் தெரியும்.

நாக்கும் ஓரளவு சொல்லும். வெண்ணெய் உடல் சூட்டிலேயே உருகிவிடுவதால் விழுங்கியதும் வாய் சுத்தமாகிவிடும். வனஸ்பதி உருக அதைவிடச் சூடு வேண்டும், அதனால் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் நிற்கும். சர்க்கரை குறைத்த காபியோடு, முக்காமல் கடித்துப் பாருங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரியும். மேலே சொன்ன அளவில் செய்த பிஸ்கட் ஒன்றில் 35 முதல் 40 கலோரி வரை இருக்கும். ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காராமல், நாலைந்தைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு மூடியை இறுக்கிவிடுங்கள்.