எஃப்மாட்: மீதியா, எச்சமா, மட்டா?

பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையின் சுழல்மேசைக்கு நிரல் எழுதும் தம்பி ஒருவர் திரையைக் காட்டிக் கேட்டார்: "அக்கா, மைனஸ் 30 டிகிரியை 360-ஆல வகுத்து மீதி எடுத்தேன். பைத்தான்ல சதவீதக் குறி போட்டா 330. சி மொழியில எஃப்மாட் போட்டா மைனஸ் 30-ன்னே நிக்குது. மீதி எப்படிக்கா மைனஸ்ல வரும்?"

நியாயமான கேள்வி. பஸ்ஸில் கண்டக்டர் சீட்டின் பின்னால் எழுதித் தரும் மீதி ஒருநாளும் மைனஸில் இருக்காதே!

எஃப்மாட் (fmod) என்பது ஓர் எண்ணை இன்னொன்றால் வகுத்து மீதியைத் தரும் கட்டளை. சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'எஃப்' மிதவைப்புள்ளி எண்ணைக் குறிக்கும், 5.75 போலப் புள்ளி வைத்தது. 'மாட்' மாடுலோவின் சுருக்கம். அது மாடுலஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது; லத்தீனில் மாடுலஸ் என்றால் சிறிய அளவு. அதை எண்கணிதச் சொல்லாக்கியவர் ஜெர்மன் கணிதர் காஸ், 1801-இல் வந்த தம் நூலில். நம் பாடநூல்கள் 'மட்டு' என்கின்றன. அருமையான தேர்வு. மட்டு என்றாலும் அளவு, எல்லைதான். 'மட்டு மீறி' என்கிறோமே, அதே மட்டு. ஒலியும் பொருளும் சேர்ந்தே அமைந்துவிட்டன.

ஆனால் இங்கே மட்டு என்பது வகுக்கும் எண்ணான 360. எஃப்மாட் தருவது மட்டை அல்ல, மீதியை. எச்சம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். 'எஞ்சு' நல்ல வேர்தான்; ஆனாலும் வினையெச்சமும் காக்கை எச்சமும் குறுக்கே வருகின்றன. என் ஓட்டு மீதிக்கே.

சரி, மைனஸ் எங்கிருந்து வந்தது? வகுபடும் எண் = வகுக்கும் எண் × ஈவு + மீதி. சூட்சுமம் ஈவில் இருக்கிறது. −30-ஐ 360-ஆல் வகுத்தால் சுமார் −0.083. எஃப்மாட் புள்ளிக்குப் பின்னுள்ளதை வெட்டிவிடும்: ஈவு 0, மீதி −30. பைத்தானின் சதவீதக் குறி கீழுள்ள முழு எண்ணுக்கு இறங்கும்: ஈவு −1, மீதி 330. பைத்தான் 3.7-இல் வந்த ரிமைண்டர் (remainder) என்ற கட்டளை அருகிலுள்ள முழு எண்ணைப் பிடிக்கும். 350 கொடுத்தால் ஈவு 1, மீதி −10 வரும். வெட்டு மீதி, இறங்கு மீதி, அண்மை மீதி என்று பெயர் வைத்தால் குழப்பமே இல்லை.

தம்பிக்கு வேண்டியது இறங்கு மீதி. எஃப்மாட் மைனஸில் தந்தால் 360-ஐக் கூட்டு என்று ஒரு வரி சேர்த்தார், 330 வந்தது.

அப்புறம் இன்னொன்று. 1-ஐ 0.1-ஆல் வகுத்து எஃப்மாட்டிடம் மீதி கேட்டால் 0 வராது, 0.09999999999999995 வரும். எஃப்மாட்டின் கணக்கில் பிழையில்லை. 0.1 கணினியின் இரும எண்ணில் சரியாக அடங்காமல் ஓர் இம்மி கூடுதலாகப் பதிந்திருப்பதால், பத்தாவது முறை கழிக்க அங்கே இடமில்லை.