நோஹப்: தமிழில் துண்டிப்புத்தாங்கி

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் அறைக்குள் இருந்துகொண்டு சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கிற லினக்ஸ் சேவையகத்தில் ஆய்வுக்கான நிரலை ஓடவிடுகிற தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் நோஹப் என்ற கட்டளை தெரியும். அதைப் போட்டால், இங்கே கரண்ட் போய் ரவுட்டர் நின்றாலும் நிரல் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். சரிதான், ஆனால் இந்தக் கட்டளை எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்று தெரியாவிட்டால், விடிய எழும்பிப் பார்க்கும்போது வேலை முடிந்திருக்கும், விடை எங்கே என்று தெரியாது.

நோ, ஹேங் அப் இரண்டும் ஒட்டிப் பிறந்த சொல் இது. ஹேங் அப் என்றால் தொலைபேசி ரிசீவரை மாட்டி அழைப்பைத் துண்டிப்பது. பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் வளர்ந்த 1970களில் தூரத்துக் கணினியோடு மோடம் வைத்துத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பேசினார்கள். கம்பி துண்டிக்கப்பட்டால் அந்த முனையத்தில் (கட்டளை தட்டுகிற திரையில்) ஓடிய நிரல்களுக்கு ஒரு சமிக்ஞை போகும். பெயர் சிக்ஹப், எண் 1. அது வந்தால் நிரல் வழக்கமாக அங்கேயே நின்றுவிடும். மோடம் போய், தூரத்துக் கணினிக்குள் இணையம் வழியாக நுழைய எஸ்எஸ்எச் வந்தும் சமிக்ஞை மாறவில்லை. அதைக் கண்டுகொள்ளாதபடி நிரலைத் தொடக்கிவிடுவதுதான் நோஹப்பின் முதல் வேலை. முனையத்தை அடைக்காமல் ஓடும்படி பின்னணிக்கு அனுப்புவது அது இல்லை, கடைசியில் போடுகிற & குறி.

வெளியீட்டுக்கு (நம் பாடநூல்களில் வருவிளைவு என்றும் வரும்) நீங்கள் இடம் சொல்லாவிட்டால், முனையத்துக்குப் போக வேண்டியதை நின்ற கோப்புறையிலேயே நோஹப்.அவுட் என்ற கோப்பில் சேர்க்கும், அங்கே எழுத அனுமதி இல்லையென்றால் உங்கள் வீட்டுக் கோப்புறையில். பழையதை அழிக்காமல் அடியில் ஒட்டிக்கொண்டே போவதால் நேற்றைய ஓட்டமும் இன்றையதும் கலந்துவிடும். அதனால் கோப்பின் பெயரை நீங்களே கொடுங்கள் (கீழே வேலை என்பது நிரல், பதிவு என்பது கோப்பு):

நோஹப் ./வேலை > பதிவு 2>&1 &

2>&1 என்றால் பிழைச் செய்திகளும் வெளியீடு போகிற இடத்துக்கே போகட்டும் என்பது. முனையத்தில் இருந்து ஓட்டினால் நோஹப்பே இதைச் செய்துவிடும், இருந்தாலும் எழுதிப் பழகுங்கள், நாளைக்கு நோஹப் இல்லாமல் அதே வரியைப் போட்டாலும் பிழைச் செய்தி தொலையாது. பைதன் நிரல் ஓடியும் கோப்பு வெறுமையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கோப்புக்கு எழுதும்போது பைதன் கொஞ்சம் சேர்த்துவைத்துத்தான் எழுதும், பைதன் கட்டளையோடு -யூ போட்டால் உடனுக்குடன் வரும்.

தமிழில் துண்டிப்புத்தாங்கி என்பேன். இடிதாங்கி, சுமைதாங்கி போல எளிதாக வாயில் வருகிறது, மின்துண்டிப்பு பழகிய நமக்குத் துண்டிப்பு என்றால் விளக்கமும் வேண்டாம். ஆனால் தாங்குவது தொடர்பு துண்டிப்பை மட்டும். சேவையகமே நின்றால் நிரலும் நிற்கும்.

நோஹப் போட மறந்து ஓடவிட்ட நிரலுக்கு டிஸ்ஓன் கட்டளை இருக்கிறது. சமிக்ஞையில் இருந்து தப்பவைக்கும், ஆனால் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பாது.