இரண்டாவது வாக்கியத்தைப் படிக்காமல் ‘யெஸ்’ போடாதீர்கள்

குடும்பச் சட்டமும் உயில், சொத்துப் பத்திரங்களும் பார்க்கிற எங்களிடம், அமெரிக்காவின் ஒஹாயோ, மிச்சிகன் மாநிலங்கள் பக்கமிருந்து கொஞ்ச காலமாக ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. மகள் இன்னொரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டிருக்கிறாள், இருவர் பேரிலும் வீடு வாங்கியாயிற்று, குழந்தையும் வரப்போகிறது. “சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு மாறிப்போனால் இவர்கள் கதி என்ன?” என்கிறார்கள். கேட்கிற பெற்றோரில் சிலர் 2004இல் அதே மாநிலத்தில் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை கேட்ட வாக்கெடுப்பில் ‘யெஸ்’ போட்டவர்கள். இன்னும் சிலர் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டவர்கள். “அது ஏதோ கருத்துக்கணிப்பு மாதிரி இருந்ததுங்க” என்பதுதான் பொதுவான பதில்.

அது கருத்துக்கணிப்பு கிடையாது. மாநில அரசியல் சாசனத்தில் அப்படியே ஏறுகிற சட்ட வாசகம். நம் ஊரில் சின்னத்தைப் பார்த்து ஆளுக்கு ஓட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிது. சட்டத்தின் வாசகத்தை மக்களே நேரடியாக வாக்களித்து எழுதும் முறை இந்தியாவில் இல்லை. இங்கே அமெரிக்காவில் இருக்கிறது. 2004 நவம்பர் 2 அன்று ஒரே நாளில் 11 மாநிலங்கள் இப்படித் தடையை எழுதிக்கொண்டன. ஒஹாயோவில் 61 சதவீதத்துக்கு மேல் ஆதரவு, மிச்சிகனில் சுமார் 59. அந்த இரண்டு வாசகங்களும் இன்றுவரை அந்தந்தச் சாசனத்தில் அழியாமல் உட்கார்ந்திருக்கின்றன. நாடு முழுக்கத் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்து 2015இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன ஓபர்கஃபெல் தீர்ப்பு அவற்றைச் செயலிழக்க வைத்ததே தவிர நீக்கவில்லை. தீர்ப்பு விழுந்தால் வாசகம் எழும்.

“அதான் 2022இல் காங்கிரஸ் சட்டம் போட்டுவிட்டதே” என்று அடுத்து வருவார்கள். பாதிதான் சரி. 2022 டிசம்பர் 13 அன்று கையெழுத்தான திருமண மதிப்புச் சட்டம், ஒரு மாநிலத்தில் செல்லுபடியாக நடந்த திருமணத்தை மற்ற மாநிலங்களும் மத்திய அரசும் ஏற்க வேண்டும் என்கிறது. எந்த மாநிலமும் திருமண உரிமம் கொடுத்தே ஆகவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஓபர்கஃபெல் போய்விட்டால், ஒஹாயோவின் கொலம்பஸில் இருக்கும் ஜோடி உரிமம் வாங்க நியூயார்க்குக்கோ இலினாய்க்கோ வண்டி எடுக்க வேண்டியதுதான். 2022 ஜூனில் கருக்கலைப்பு வழக்கில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி தாமஸ் தனியாக எழுதிய கருத்தில், இந்தத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். மற்ற நீதிபதிகள் யாரும் அதில் சேரவில்லை என்பது உண்மை. அதற்காக அடித்துப் பிடித்துப் பயப்படவும் வேண்டாம், முடிந்துபோன கதை என்று தூங்கவும் வேண்டாம்.

எங்களை அதிகம் எரிச்சல்படுத்துவது வேறு ஒன்று. “கல்யாணம் என்கிற பெயர்தானே கிடையாது? உயில் எழுதிக்கட்டும், பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக்கட்டும். யார் தடுத்தார்கள்?” இதைப் படித்தவர்கள் சொல்கிறார்கள், சொத்து உள்ளவர்கள் சொல்கிறார்கள், சில வக்கீல்களே சொல்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

பத்திரம் என்பது கையெழுத்துப் போட்டவர்களைத்தான் கட்டும். வருமான வரித்துறையையோ, சோஷியல் செக்யூரிட்டியையோ, குடியேற்றத் துறையையோ கட்டாது. நியூயார்க்கைச் சேர்ந்த ஈடித் வின்ட்சர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் டொரோண்டோவில் முறைப்படி திருமணம், துணைவி 2009இல் இறந்தபோது சொத்து முழுக்க இவருக்கே வந்தது. ஆனாலும் மத்திய அரசு அந்தத் திருமணத்தை ஏற்காததால் எஸ்டேட் வரி, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கான வரி, 3,63,053 டாலர். கணவன் மனைவியாக இருந்திருந்தால் பூஜ்யம். எந்தப் பத்திரமும் அந்த வரியைத் தடுத்திருக்காது. 2013இல் சுப்ரீம் கோர்ட் வரை போய்த்தான் அவர் வென்றார்.

துணை இறந்தபின் வருகிற சோஷியல் செக்யூரிட்டித் தொகைக்குத் திருமணம் வேண்டும், பொதுவாக குறைந்தது ஒன்பது மாதம் பழைய திருமணம். குடிமகனான ஒருவர் தன் துணைக்குக் கிரீன் கார்டு கேட்டு ஐ-130 மனு போட திருமணச் சான்றிதழ் வேண்டும், பவர் ஆஃப் அட்டர்னியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிரிப்பார்கள். எச்1பி-யில் இருப்பவரின் துணைக்கு எச்4 கிடைப்பதும் திருமணத்தால்தான். பவர் ஆஃப் அட்டர்னியோ, எழுதிக்கொடுத்தவர் இறந்த நிமிடமே செத்துவிடும். இது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதே இல்லை. இறந்தவரின் வங்கிக் கணக்கை இயக்க அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

போகட்டும், பத்திரமாவது நிம்மதியாக எழுதிக்கொள்ள விட்டார்களா? வர்ஜீனியா 2004இல் ஒரு சட்டம் போட்டது. ஒரே பாலினத்தவர் இருவர் திருமணத்தின் உரிமை, கடமைகளைத் தங்களுக்குள் தந்துகொள்வதாகச் செய்யும் எந்த ஒப்பந்தமும், எந்த ஏற்பாடும் செல்லாது என்றது. அப்படியானால் கூட்டாக வீடு வாங்கும்போது எழுதிய ஒப்பந்தம் என்ன ஆகும், குழந்தை வளர்ப்பு ஒப்பந்தம் என்ன ஆகும்? அங்கிருந்த வக்கீல்கள் உறுதியாகப் பதில் சொல்ல முடியாமல் திணறினார்கள். பத்திரத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டவர்கள், பத்திரத்தின் மேலும் கை வைத்தார்கள்.

இப்போது அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். ஒஹாயோவின் முதல் வாக்கியம் ஓர் ஆண், ஒரு பெண் என்பதோடு நிற்கிறது. அதைத்தான் பலகையில் எழுதிப் பிரசாரம் செய்தார்கள். இரண்டாவது வாக்கியம், திருமணமாகாதவர்களின் உறவுக்குத் திருமணத்தின் தன்மையையோ விளைவையோ ஒத்த சட்ட அந்தஸ்து எதையும் மாநிலம் தரக்கூடாது என்கிறது. ‘திருமணமாகாதவர்கள்’ என்றுதான் இருக்கிறது, தன்பாலினத்தவர் என்று இல்லை. விளைவு என்ன தெரியுமா? ஒஹாயோவின் குடும்ப வன்முறைச் சட்டம் “துணைபோல் சேர்ந்து வாழ்பவரையும்” பாதுகாக்கிறது. திருமணமாகாமல் சேர்ந்து வாழும் பெண்ணை அடித்த ஆண்களின் வக்கீல்கள் நீதிமன்றத்தில் எழுந்து, “மக்கள் போட்ட திருத்தத்தின்படி இவளுக்கு அந்த அந்தஸ்து கிடையாது, குடும்ப வன்முறை வழக்கு செல்லாது” என்றார்கள். 2005இல் ஒரு கவுண்டி (மாவட்டம் மாதிரி) நீதிபதி அதை ஏற்று, பெருங்குற்றமாக வந்த வழக்கைச் சாதாரண அடிதடியாகக் குறைத்தார். மாநிலம் முழுக்க நீதிமன்றங்கள் இப்படியும் அப்படியுமாகத் தீர்ப்புச் சொல்லின. 2007 ஜூலையில் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 6க்கு 1 என்று தீர்த்து, பழைய பாதுகாப்பு நிற்கும் என்ற பிறகுதான் ஓய்ந்தது. இரண்டு வருடத்துக்கு மேல். அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஆணோடு வாழ்ந்த பெண்கள். “நமக்கென்ன” என்று ‘யெஸ்’ போட்டவர்கள் யாராவது இதை நினைத்துப் பார்த்திருப்பார்களா?

மிச்சிகனில் வேறு விதமாகக் கடித்தது. அங்கே வாசகம், ஆண் பெண் இணைவு மட்டுமே “எந்த நோக்கத்துக்கும்” திருமணமாகவோ “அதுபோன்ற இணைவாகவோ” ஏற்கப்படும் என்பது. இது யாருடைய மருத்துவக் காப்பீட்டையும் தொடாது என்று பிரசாரத்தில் ஆதரவாளர்கள் சொன்னார்கள். 2008 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் 5க்கு 2 என்று, அரசுப் பல்கலைக்கழகங்களும் நகராட்சிகளும் தங்கள் ஊழியர்களின் தன்பாலினத் துணைக்கு, துணை என்ற உறவை அங்கீகரித்துக் காப்பீடு தரக்கூடாது என்றது. பிரசாரப் பேச்சு நீதிமன்றத்தைக் கட்டாது, அச்சில் இருப்பது கட்டும். தொழிலில் முதல் வருடம் கற்றுக்கொள்கிற பாடம் இது.

பள்ளிக்கூடப் பயத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 2008இல் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கும் புரபோசிஷன் 8 என்ற திருத்தம் கலிஃபோர்னியாவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அது தோற்றால் ஆரம்பப் பள்ளியிலேயே பிள்ளைகளுக்குத் தன்பாலினத் திருமணம் பற்றிக் கட்டாயமாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று டிவி முழுக்க விளம்பரம். திருத்தத்தின் வாசகத்தில் பள்ளி என்ற பேச்சே கிடையாது. பாலியல் கல்வி வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. பாதிரியார்களைக் கட்டாயப்படுத்துவார்கள் என்பதும் அப்படியே. எந்த மதகுருவும் தன் நம்பிக்கைக்கு மாறாகத் திருமணம் செய்துவைக்கத் தேவையில்லை என்று அந்த வருடம் மே மாதம் இத்திருமணங்களை அனுமதித்த கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருந்தது. இருந்தும் 52 சதவீதத்தில் தடை நிறைவேறியது. அதற்குள் திருமணம் செய்திருந்த சுமார் 18,000 ஜோடிகளின் நிலை அடுத்த வருடம் மே 26 வரை தொங்கலில் கிடந்தது. திருமணங்கள் மறுபடி தொடங்கியது 2013 ஜூனில். அந்த வாசகத்தைச் சாசனத்திலிருந்து அழிக்க 2024 நவம்பர் ஆனது, அதுவும் இன்னொரு வாக்கெடுப்பில்.

இங்கேதான் ஒரு கண்ணி. 2008இல் ‘யெஸ்’ என்றால் தடை. 2024இல் ‘யெஸ்’ என்றால் தடையை நீக்கி உரிமையை எழுதுவது. “போன தடவை நோ போட்டேன், இந்தத் தடவையும் நோ” என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் எதிர்ப்பக்கம் விழும். வாட்ஸ்அப்பில் “யெஸ் போடுங்கள்”, “நோ போடுங்கள்” என்று மட்டும் வருகிற செய்தியை நம்பாதீர்கள், பழைய வருடத்துச் செய்தியாகக்கூட இருக்கும். மாநிலச் செயலர் (செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்) வெளியிடும் வாக்காளர் கையேட்டிலோ இணையத்தில் உள்ள மாதிரி வாக்குச்சீட்டிலோ முழு வாசகத்தை எடுத்துப் படியுங்கள். ‘போன்ற’, ‘ஒத்த’, ‘எந்த நோக்கத்துக்கும்’, ‘திருமணமாகாதவர்கள்’ ஆகிய சொற்கள் இருந்தால் பென்சிலால் கோடிடுங்கள். வழக்குகள் அங்கிருந்துதான் பிறக்கும்.

வெறுமனே விட்டால் நடுநிலை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் காலிக் கட்டம் கணக்கிலேயே வராது, போட்டவர்கள் உங்களுக்கும் சேர்த்து முடிவு செய்துவிடுவார்கள். மின்னசோட்டாவில் நேர் எதிர். சாசனத் திருத்தக் கேள்வியைக் காலியாக விட்டால் ‘நோ’ என்றே எண்ணப்படும். 2012இல் அங்கே தடைத் திருத்தம் 47 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கித் தோற்றது. இத்தனைக்கும் மாநிலச் சட்டம் அப்போதே தன்பாலினத் திருமணத்தை அனுமதிக்கவில்லை. “ஏற்கெனவே தடைதானே, இந்த ஓட்டால் என்ன” என்றவர்களுக்கு அடுத்த வருடம் பதில் கிடைத்தது. சாசனத்தில் ஏறாமல் போனதால் சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் சட்டத்தை மாற்ற முடிந்தது, 2013 ஆகஸ்ட் 1 முதல் திருமணங்கள் நடந்தன. ஒஹாயோவில் ஏறியதைக் குடிமக்கள் இறக்க வேண்டுமானால், நான்கு லட்சத்துக்கும் மேல் செல்லும் கையெழுத்துகள், 88 கவுண்டிகளில் 44-இலிருந்து குறைந்தபட்ச அளவு, அதன்பிறகு மாநிலம் தழுவிய வாக்கெடுப்பு.

எதிர்த்துப் பேச நினைப்பவர்களுக்கு: தத்துவம் பேசாதீர்கள், யாருக்கு என்ன போகும் என்று பேசுங்கள். 2006இல் அரிசோனாவில் தடை தோற்றது. இப்படிப்பட்ட ஒன்று மாநில வாக்கெடுப்பில் தோற்றது அதுவே முதல் தடவை. திருமணமாகாமல் சேர்ந்து வாழும் வயதான ஆண், பெண் ஜோடிகள் என்ன இழப்பார்கள் என்பதை எதிர்ப்பாளர்கள் முன்னால் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டு, திருமணத்தை மட்டும் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தபோது ஜெயித்துவிட்டது. வாசகத்துக்கு அவ்வளவு பலம்.

தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. “நாங்கள் 501(சி)(3), வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு, அரசியல் பேசக்கூடாது” என்று ஒதுங்குகிறீர்கள். வேட்பாளரை ஆதரிக்கத்தான் கூடாது. வாக்கெடுப்பில் நிலைப்பாடு எடுப்பது சட்டத்தின் பார்வையில் லாபியிங் (சட்டம் வரவோ வராமலிருக்கவோ முயல்வது), அளவோடு செய்யலாம். வருமான வரித்துறையிடம் 5768 படிவம் கொடுத்து 501(எச்) விதியைத் தேர்ந்துகொண்டால் அளவும் தெளிவாகும்: வருடச் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 சதவீதம் வரை. கோயில்களுக்கு அந்த விதி கிடையாது, அவர்கள் பழைய ‘கணிசமான பகுதி ஆகக்கூடாது’ என்ற அளவோடு நிற்க வேண்டும்.

குடியுரிமை இல்லாதவர்கள் ஓட்டுப் போடவே கூடாது. கிரீன் கார்டு இருந்தாலும் கூடாது. டிரைவர் லைசன்ஸ் எடுக்கும் இடத்தில் நீட்டுகிற படிவத்தில் வாக்காளர் பதிவுக் கட்டத்தைத் தெரியாமல் டிக் அடித்துவிட்டு, குடியுரிமை நேர்காணலில் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நாடு கடத்தல் வரை போகும் விஷயம் இது, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பணம் கொடுப்பதற்கும் முன்னால் மாநிலச் சட்டத்தைக் கேளுங்கள், வாக்கெடுப்புக்கு வெளிநாட்டவர் நன்கொடையைத் தடுக்கும் மாநிலங்கள் உண்டு. குடியுரிமை வாங்கிய அப்பா அம்மாவுக்கு வாக்குச்சீட்டு படிக்க முடியாவிட்டால், தங்களுக்குப் பிடித்த ஒருவரை உதவிக்கு அழைத்துப்போக மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. முதலாளியும் தொழிற்சங்க ஆளும் மட்டும் ஆகாது. அவர்கள் சொல்வதை நிரப்புங்கள், நீங்கள் நினைப்பதை அல்ல.

மகனோ மகளோ இப்படித் திருமணம் செய்திருந்தால், அம்மா அப்பாவாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோபம் தீரும்வரை காத்திருக்காமல் ஒரு வேலையை மட்டும் நினைவூட்டுங்கள். குழந்தை இருந்தால், பிறப்புச் சான்றிதழில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது என்று நிற்கக்கூடாது. சான்றிதழ் நிர்வாக ஆவணம், நீதிமன்ற உத்தரவு ஆகாது. பெற்றெடுக்காத தாய் தத்தெடுப்பு உத்தரவு வாங்கிவிட்டால், ஒரு மாநிலத்து உத்தரவை இன்னொரு மாநிலம் மதித்தே ஆகவேண்டும் என்று 2016இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. திருமணச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகல் இரண்டு மூன்று, உயில், மருத்துவ முடிவுக்கான அதிகாரப் பத்திரம், இவையும் இருக்கட்டும். பத்திரம் போதாது என்று மேலே சொன்னோமே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதிவுக் கெடுவைக் கடைசி நாளில் தேடாதீர்கள். ஒஹாயோவில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிந்துவிடும். மிச்சிகனில் தேர்தல் நாளன்றுகூட உள்ளூர் கிளார்க் அலுவலகத்தில் முகவரிச் சான்றோடு போய்ப் பதியலாம். தபாலில் போடுகிறவர்கள் உறைமேல் கையெழுத்துப் போட்டோமா, பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். இந்தக் கேள்விகள் பெரும்பாலும் சீட்டின் கடைசியில், பல நேரம் பின்பக்கத்தில் இருக்கும். திருப்பிப் பாருங்கள்.