ட்ரஃபிள்: கிழங்கா, காளானா?

இத்தாலியின் பியமோந்தே பகுதியில், ஆல்பா நகரைச் சுற்றியுள்ள காடுகளில், இலையுதிர் காலத்து இரவுகளில் நாயோடு நடந்து, மண்ணுக்குள் விளையும் உணவுப்பொருளான ட்ரஃபிளைத் தேடுவோரை அவ்வட்டார மொழியில் ‘த்ரிஃபொலாவ்’ என்பர். நாய் மோப்பம் பிடித்து மண்ணைப் பறண்டத் தொடங்கியதும் அவர் அதை விலக்கிவிட்டு, சிறு கொத்தால் பதமாகத் தோண்டி, மேடும் பள்ளமுமான ஓர் உருண்டையை எடுப்பார். பார்வைக்கு உருளைக்கிழங்கு போலிருக்கும் அந்த உருண்டையைத் தமிழில் எப்படி அழைப்பது?

‘ட்ரஃபிள்’ ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. அதன் வேர் ‘தூபெர்’ என்னும் இலத்தீன் சொல். வீக்கம், புடைப்பு என்பன அதன் பொருள். பேச்சு வழக்கில் ‘தூஃபெரா’ எனத் திரிந்த அது, தென் பிரான்சின் ஒக்சித்தான் மொழியில் ‘த்ரூஃபா’ ஆயிற்று. இத்தாலியில் இதன் பெயர் ‘தர்த்தூஃபோ’. தென் அமெரிக்காவிலிருந்து உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்தபோது, மண்ணுக்குள் கிடைக்கும் உருண்டை என்ற ஒற்றுமையால் அதற்கும் இப்பெயரின் ஒரு வடிவமே சூட்டப்பட்டது. ஜெர்மன் மொழியில் இன்று உருளைக்கிழங்கைக் குறிக்கும் ‘கார்த்தோஃபெல்’ அதன் திரிபே. கொக்கோப் பொடியில் புரட்டிய சாக்லேட் உருண்டைக்கும் உருவ ஒப்புமையால் இப்பெயர் வந்தது. வடிவத்தை மட்டும் பற்றிய பெயர் எவ்வளவு எளிதாக இடம் மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உண்மையில் ட்ரஃபிள் ஒரு பூஞ்சையின் கனியுடல், அதாவது வித்துத்துகள்களைத் தாங்கும் காளான். ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேர்களோடு கூட்டு வாழ்வு நடத்தி, மண்ணுக்குள்ளேயே முதிர்கிறது. மற்றக் காளான்கள் பலவும் தரைக்கு மேல் குடை விரித்து வித்துத்துகள்களைக் காற்றில் விடுகின்றன. இதற்கு அவ்வழி இல்லாததால், முதிர்ந்ததும் கடுமணம் வீசி விலங்குகளை வரவழைக்கிறது. தோண்டித் தின்ற விலங்கின் எச்சத்தோடு வித்துத்துகள்கள் பரவுகின்றன. அந்த மணத்தைப் பற்றிக்கொண்டுதான் நாயும் வருகிறது. முன்பு பன்றிகளைப் பயன்படுத்தினர். அவை கண்டதைத் தின்றுவிடுவதோடு மண்ணையும் கிளறிப் பாழாக்கியதால் நாய்களே நிலைத்தன. இத்தாலியரின் இந்தத் தேடல் அறிவை யுனெஸ்கோ 2021இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே ‘கிழங்கு’ என்று முடியும் எந்தப் பெயரும் பொருந்தாது. தமிழில் காளானுக்குப் பழம்பெயர் ‘ஆம்பி’. சிறுபாணாற்றுப்படையில், குட்டி ஈன்ற நாய் குரைக்கும் வறிய அடுக்களையில், கறையான் அரித்த சுவரருகே ‘புழற்காளாம்பி’ பூத்திருக்கிறது. புற்றில் முளைப்பதைப் ‘புற்றுக்காளான்’ என்றும், வைக்கோலில் விளைவதை ‘வைக்கோல் காளான்’ என்றும் இடத்தால் பெயரிடுவது நம் வழக்கு. ‘சிப்பிக்காளான்’ வடிவத்தால் வந்த பெயரே எனினும், காளான் என்ற சொல் உடனிருப்பதால் குழப்பம் எழுவதில்லை.

இந்த வழக்கையொட்டி, ட்ரஃபிளை ‘மண்ணடிக் காளான்’ என்பதே தகும் எனக் கருதுகிறேன். கறுப்பு மண்ணடிக் காளான், வெள்ளை மண்ணடிக் காளான் என வகைகளையும் இயல்பாகச் சுட்டலாம். காளானே சேராத இனிப்பை மட்டும் ‘ட்ரஃபிள் சாக்லேட்’ என்றே விட்டுவிடலாம்.