எந்தக் குண்டு என்று கேட்டான் அக்கா மகன்

அழகர்மலை அடிவாரத்தில், நத்தம் போகும் சாலையை ஒட்டிய ஒரு மாந்தோப்பில் புள்ளிமான் ஒன்று செத்துக் கிடந்தது. உடற்கூராய்வுக்கு வனத்துறையினர் என்னை அழைத்துப் போனார்கள். வயிற்றின் இடப்பக்கம் வேப்பங்கொட்டை அளவுக்கு ஒரு துளை. திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் சீழ். நாட்டுத் துப்பாக்கியின் ஈயக்குண்டு தோலைத் துளைத்து, குடலைக் கிழித்து, முதுகெலும்பு ஓரமாகப் போய் உருண்டை குலையாமல் உட்கார்ந்திருந்தது. துளியும் நசுங்கவில்லை. எட்டத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள், வந்து சேரும்போது குண்டில் வேகம் செத்துப்போயிருக்கிறது. சீழ் பிடித்திருந்த அளவைப் பார்த்தால், அந்த மான் நான்கைந்து நாளாவது உயிரோடு அலைந்திருக்க வேண்டும்.

மேலூரிலிருந்து போய் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் குடியேறிவிட்ட என் அக்கா மகன் ஒருநாள் போனில், "மாமா, 500 மீட்டர்ல நிக்கிற எல்க் மானுக்கு எந்தக் குண்டு போட்டா நல்லது?" என்று கேட்டபோது எனக்கு அந்த மாந்தோப்புதான் ஞாபகத்துக்கு வந்தது.

அவன் இருக்கும் இடத்தில் வேட்டை சட்டத்துக்கு உட்பட்டது. பயிற்சி வகுப்பு முடித்து, உரிமம் வாங்கி, இந்தப் பருவத்தில் இந்த விலங்கு என்று எழுதிக் கொடுத்த பிறகே போகிறான். நம் ஊரில் அப்படி இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, வனத்துறையின் முறையான உத்தரவு இல்லாமல் காட்டு விலங்கைச் சுடுவது குற்றம். அந்தக் கறியை வாங்கிச் சமைப்பதும் குற்றம். சிறுமலைப் பக்கத்துக் காட்டுமாடாக இருந்தாலும் கடலைக் காட்டுக்குள் இறங்கும் பன்றியாக இருந்தாலும் இதுதான். ஆகவே கீழே எழுதுவது, வெளிநாட்டில் முறைப்படி வேட்டைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக. கால்நடை மருத்துவன் என்ற முறையில், குண்டு உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்துதான் எனக்குப் பேசத் தெரியும்.

எல்க் என்பது நம் கடமானைவிடப் பெரிய விலங்கு. நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். அலங்காநல்லூர், பாலமேட்டுக் காளைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: முன்னங்கால் சப்பைக்குச் சற்றுப் பின்னால், மார்புக்கூட்டுக்குள்தான் நுரையீரலும் இதயமும். அங்கே குண்டு நுழைந்து, விரிந்து, அகலமான பாதையை வெட்டிக்கொண்டு போனால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, சில நொடிகளில் நினைவு போய்விடும். விரியாமல் ஊசி போல் கடந்தால் அந்த விலங்கு ஓடும். பல கிலோமீட்டர் ஓடி, ஆள் பார்க்காத இடத்தில் மெல்லச் சாகும்.

குண்டு விரிவது வேகத்தைப் பொறுத்தது. இதைத்தான் மருமகனிடம் அரை மணி நேரம் பேசினேன். அவன் வைத்திருப்பது .308 ரைஃபிள், அந்த எண் குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில். 168 கிரெயின் குண்டு, அதாவது கிட்டத்தட்ட 11 கிராம். குழலை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர் வேகம். காற்று அதைத் தின்றுகொண்டே வரும். 500 மீட்டரில் சுமார் 520தான் மிஞ்சும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கொலராடோ மலை உயரத்தில் காற்று மெலிது, இழப்பு கொஞ்சம் குறையும். ஆனால் கணக்கு தலைகீழாக மாறாது. முழுச் செம்பில் செய்த குண்டுகள் பொதுவாக விநாடிக்கு 600 மீட்டருக்குக் கீழே சரியாக மலர்வதில்லை. ஈய உள்ளீடு கொண்ட, நெடுந்தூரத்துக்கென்றே செய்த குண்டுகள் 500 வரை தாங்கும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் குண்டு எந்த வேகம் வரை விரியும் என்று சொல்லியிருப்பார். வாங்குகிறவர்கள் எடையைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள், அந்த ஒரு எண்ணைப் பார்ப்பதில்லை.

கிட்டத்தில் வேறு ஆபத்து. 50 மீட்டரில் வேகம் மிச்சமிருக்கும்போது ஈயத்துக்கு மேல் மெல்லிய செம்பு உறை போட்ட குண்டு சப்பை எலும்பில் பட்டால் அங்கேயே சிதறி, மேலே பெரிய புண்ணை ஆக்கிவிட்டு நுரையீரலைத் தொடாமல் நின்றுவிடும். உறையும் ஈயமும் பிரியாமல் ஒட்டவைத்த 'பாண்டட்' குண்டுகள் வந்தது இதற்காகத்தான்.

"மாமா, டார்கெட் குண்டு இன்னும் துல்லியமா போகுதே, நுனியில ஓட்டைகூட இருக்கே?" என்றான். அந்த ஓட்டை செய்முறையால் வருவது. உறையை அடியிலிருந்து நுனிக்கு இழுத்து மூடும்போது மிஞ்சும் சிறு துளை அது. விரிவதற்காக வைத்தது இல்லை. அது உடம்புக்குள் விரியுமா, அப்படியே கடந்துபோகுமா என்று நம்பிச் சொல்ல முடியாது. அட்டையில் வட்டம் சுடுவதற்கு அது போதும்.

இதில் நம் நாட்டுச் சரித்திரமும் ஒன்று இருக்கிறது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் ஆங்கிலேயர்கள் செய்த விரியும் குண்டுதான் ஊர் பெயரால் 'டம்டம் குண்டு' ஆனது. மனிதர்மேல் அது ஏற்படுத்திய காயத்தைப் பார்த்து, 1899இல் ஹேக் மாநாட்டில் போரில் விரியும் குண்டைப் பயன்படுத்தக் கூடாது என்று நாடுகள் அறிவித்தன. வேட்டையில் சட்டம் நேர் எதிர். கொலராடோவில் எல்க்குக்கு விரியும் குண்டுதான் போட வேண்டும். முழு உறை போட்ட ராணுவக் குண்டுக்கு அங்கே இடமில்லை. போரில் காயத்தோடு ஆள் பிழைக்கட்டும் என்ற எண்ணம். வேட்டையில் காயத்தோடு விலங்கு தப்பிவிடக் கூடாது என்ற எண்ணம்.

அடுத்தது ஈயம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கறவை மாட்டைப் பார்க்கப் போனேன். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. தொழுவத்துக்குப் பின்னால் உடைந்த பேட்டரி கிடந்தது, அதை நக்கியிருக்கிறது. மருந்து ஏற்றியும் காப்பாற்ற முடியவில்லை. ஈயம் என்றால் எனக்கு அந்த மாட்டின் கண்கள்தான்.

ஈய உள்ளீட்டுக் குண்டு வேகமாக உடம்பில் புகும்போது முழுதாக இருப்பதில்லை. சுட்ட மானை எக்ஸ்ரே எடுத்தால் தூவிய ரவை மாதிரி வெள்ளைப் பொடி தெரியும். சில மான்களில் நூற்றுக்கணக்கில். காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் இருக்கும். கண்ணுக்கும் தெரியாது, பல்லிலும் படாது. 2008இல் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மான்கறியில் ஈயத் துகள் இருந்ததால் அதைக் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. என் அக்கா பேத்திக்கு 4 வயது.

காட்டிலேயே விட்டுவரும் குடலைத் தின்னும் பறவைகளுக்கும் இதே கதி. 1982இல் 22 மட்டுமே மிஞ்சியிருந்த கலிபோர்னியா காண்டார் கழுகை இன்றும் கொல்வதில் முதலிடம் ஈயத்துக்கு. அதனால்தான் 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக்குண்டு கூடாது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி, செத்த மாட்டைத் தின்ற நம் பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததையும், 2006இல் அதற்குத் தடை வந்ததையும் என் தொழிலில் இருப்பவர்கள் மறக்க முடியாது. நாம் ஒரு விலங்கின் உடம்பில் விட்டுவைப்பது அதோடு முடிவதில்லை.

அதனால் செம்புக்குண்டு என்றேன். உடையாது, எடை குறையாது. குறையும் உண்டு: செம்பு ஈயத்தைவிட இலேசு, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகும், நீண்ட குண்டு ஆடாமல் போகக் குழலின் உள்முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள், நெருக்கமாக இருக்க வேண்டும். முதலில் அவனுடைய ரைஃபிளில் அது சீராகப் போகிறதா என்று மைதானத்தில் சுட்டுப் பார்க்கச் சொன்னேன். 600 மீட்டர் வேகம் என்ற கணக்குப்படி அவன் தூரம் 300 மீட்டரோடு முடிகிறது.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. "ஸ்கோப்ல 500 தெளிவா தெரியுது மாமா" என்றான். தெரியும்தான். ஆனால் அவ்வளவு தூரத்தைக் கடக்கக் குண்டுக்கு முக்கால் நொடி வேண்டும். அதற்குள் மேய்கிற விலங்கு ஓர் அடி எடுத்துவைத்தால் நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் விழும். பக்கக்காற்று கொஞ்சம் வீசினாலும் அரை மீட்டர் தள்ளும். மாந்தோப்பில் நான் எடுத்த படத்தை அவனுக்கு அனுப்பினேன். போன பருவத்தில் 180 மீட்டர் வரை நடந்தே நெருங்கிச் சுட்டதாகச் சொன்னான். குடலைக்கூடக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருக்கிறான்.

இங்கே இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். நாய்க்கோ ஆட்டுக்கோ ஏர்கன் ரவை பட்டிருந்தால் மேல்புண்ணுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், கால்நடை ஆம்புலன்ஸுக்கு எண் 1962. அடிபட்ட மானைக் கண்டால் கூட்டம் கூட்டித் துரத்த வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பயத்திலேயே மான் செத்துவிடும். நாய்களை விரட்டிவிட்டு எட்ட நின்று, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.