அங்கீகாரம் பெறாத ஆட்சியோடு கணக்கு வழக்கு

வெளிநாட்டுப் பணப் பரிமாற்றங்களை, பணம் போய்ச் சேரக் கூடாதவர்களின் தடைப்பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கிப் பணியில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் வசமானது வெறும் செய்தியாக முடிந்துவிடவில்லை. உலர்திராட்சை இறக்குமதிக்கான ஆவணங்களில் ஆப்கன் சுங்கத் துறையின் முத்திரையும் இருக்கும்; அந்த அரசின் உச்சியில் இருப்பவர்களில் பலரோ ஐ.நா.வின் தடைப்பட்டியலில் இருப்பவர்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பாதுகாப்புச் சபை தனது 2615ஆம் தீர்மானத்தின் வழியாக மனிதநேய உதவிகளுக்கு விலக்கு அளித்த பிறகும், வீண் வம்பு எதற்கு என்று பல வங்கிகள் ஒதுங்கிக்கொண்டன. விளைவாகப் பணம், வங்கிகளுக்கு வெளியே கைமாறும் ஹவாலா வழிக்குப் போனது. எந்தப் பணத்தைக் கண்காணிக்க வேண்டுமோ அதுவே கண்ணுக்கு மறைந்தது.

அண்டை நாடுகளுக்கும் ஏறக்குறைய இதே சிக்கல்தான். 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட இந்திய விமானம் காந்தஹாரில் நின்றபோது, தான் அங்கீகரிக்காத, தூதரக உறவே இல்லாத தாலிபான் ஆட்சியின் கட்டுப்பாட்டில் இருந்த இடத்தில் இந்தியா பேச வேண்டியிருந்தது. 2022 ஜூனில் காபூலுக்குத் தொழில்நுட்பக் குழுவை அனுப்பியதிலும், 2025 அக்டோபரில் அதைத் தூதரகமாக உயர்த்தியதிலும் அந்த அனுபவத்தின் நிழல் இருப்பதாகவே நான் கருதுகிறேன். தடைப்பட்டியலைக் கவனிக்கும் ஐ.நா. குழு பயணத் தடையைத் தளர்த்திய பின்னரே தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாக்கியால் டெல்லிக்கு வர முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்கீகாரம் தராமலேயே எவ்வளவு தூரம் போகலாம் என்பது விளங்கும். ரஷ்யா 2025 ஜூலையில் முறைப்படியே அங்கீகரித்துவிட்டது.

காபூலில் நட்பு அரசு அமைந்தால் மேற்கு எல்லை அடங்கும் என்று எண்ணிய பாகிஸ்தானுக்கோ, பாகிஸ்தான் அரசை எதிர்த்துப் போரிடும் தெஹ்ரீக்-இ-தாலிபான் அமைப்பின் தாக்குதல்கள் பெருகின. 2025 அக்டோபரில் எல்லைச் சண்டையை நிறுத்தக் கத்தாரும் துருக்கியும் இடையே வர வேண்டியதாயிற்று. ஆப்கனிலிருந்து ஈரானுக்குள் பாயும் ஹெல்மந்த் ஆற்று நீருக்காகத் தாலிபான் ஆட்சிக்கு ஈரானோடும் உரசல் உண்டு.

ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்புக்காகத் தனித்தனியே பேரம் பேசுவதால், தாலிபான் நிறுத்திவிட்ட, ஆறாம் வகுப்புக்கு மேலான பெண் பிள்ளைகளின் படிப்பை மீட்க வேண்டும் என்ற நிபந்தனை வெறும் வேண்டுகோளாகத் தேய்ந்துவிட்டது. இதைத் தவிர்த்திருக்கலாம்.

ஆப்கன் வணிகர்களோடு தொழில் செய்பவர்கள், பணம் பெறுபவரின் தந்தை பெயர், பிறந்த ஊர், பிறந்த ஆண்டு ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பெயர் வழக்கம் மிகுந்த நாடாதலால், பட்டியலில் உள்ளவரின் பெயரோடு ஒத்துப்போனாலே பட்டுவாடா நின்றுவிடும். ஆள் வேறு என்று காட்ட அந்த விவரங்களே கைகொடுக்கும்.