100 காசு மெமரியில் எங்கே இருக்கிறது?

கேம் ட்ரெய்னர், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் கேமின் மெமரியில் உள்ள காசு, உயிர் போன்ற மதிப்புகளை மாற்றும் புரோகிராம் என்றதும் உயிர் குறையாத ஹீரோவும் தீராத தோட்டாவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் மதிப்பை மாற்றுவது ஒரே ஒரு வரி வேலை. அந்த மதிப்பு மெமரியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு முழுவதும் போகிறது.

ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமின் மெமரிக்குள் எப்படிக் கை வைக்க முடியும்? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முகவரிகளைக் கொடுத்து, ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி பிரித்து வைப்பதுதான் இயங்குதளத்தின் வேலை. ஆனால் பிழை தேடும் டீபக்கர்களுக்கு உள்ளே பார்க்க வழி வேண்டுமே, அதனால் விண்டோஸே ஒரு கதவை வைத்திருக்கிறது. ஓப்பன்ப்ராசஸ் மூலம் அனுமதி கேட்கலாம், ரீட்ப்ராசஸ்மெமரி மூலம் படிக்கலாம், ரைட்ப்ராசஸ்மெமரி மூலம் எழுதலாம். ட்ரெய்னரும் இதே கதவு வழியாகத்தான் போகிறது.

சரி, கேமில் உங்களிடம் 100 காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேம் 1 ஜிபி மெமரியை எடுத்திருந்தால், நான்கு பைட்டுக்கு ஓர் எண் என்ற கணக்கில் 26 கோடிக்கும் மேற்பட்ட இடங்களைத் தேட வேண்டும், அதில் 100 என்ற எண் ஆயிரக்கணக்கான இடங்களில் கிடைக்கும். எது காசு, எது ஏதோ ஒன்றின் அகலம், எது ஒலி அளவு என்று பார்த்தால் தெரியாது. அதனால் பத்துக் காசைச் செலவழித்துவிட்டு, முதலில் கிடைத்த அந்த இடங்களில் மட்டும் இப்போது 90 எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ஒரே நேரத்தில் 100ஆக இருந்து 90ஆக மாறியவை மிகக் குறைவு. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். எளிமையான யோசனைதான், ஆனாலும் எனக்கு இதில் இன்னும் வியப்புத் தீரவில்லை.

எண்ணே தெரியாத உயிர்ப் பட்டைக்கும் இதே வழி உதவும். அடி வாங்கினால் 'குறைந்தது', சும்மா நின்றால் 'மாறவில்லை' என்று வடிகட்டிக்கொண்டே போகலாம். சும்மா நிற்கும் சுற்றைத் தவிர்க்காதீர்கள், ஓடிக்கொண்டே இருக்கும் டைமர்களையெல்லாம் கழித்துக்கட்டுவது அதுதான். எந்த வகை எண் என்பதையும் கவனிக்க வேண்டும். முழு எண் 100 என்றால் பைட்டுகள், பதினாறடிமானத்தில் எழுதினால், 64 00 00 00, அதே 100 புள்ளி வைத்த தசம எண்ணாக இருந்தால் 00 00 C8 42. வகையைத் தவறாகக் கொடுத்தால் கண் முன்னால் இருப்பதும் அகப்படாது.

முகவரி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தால், கேமை மூடித் திறந்ததும் அந்த முகவரி செல்லாது. கேம் ஒவ்வொரு முறையும் மெமரியைப் புதிதாகக் கேட்டு வாங்குகிறது, போதாததற்கு விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து புரோகிராமின் தொடக்க முகவரியையே இயங்குதளம் மாற்றி மாற்றி வைக்கிறது. மாறாமல் இருப்பது தொடக்கத்திலிருந்து உள்ள தூரம். அதனால் தொடக்க முகவரியோடு ஒரு தூரத்தைக் கூட்டி, அங்கே எழுதியிருக்கும் முகவரிக்குப் போய், அதோடு இன்னொரு தூரத்தைக் கூட்டி, இப்படி ஒரு முகவரி இன்னொன்றைக் காட்டும் சுட்டிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே காசு இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

இன்னொரு வழி, எண்ணை விட்டுவிட்டு அதைக் குறைக்கும் கட்டளையையே தேடுவது. அந்த முகவரியில் யார் எழுதுகிறார்கள் என்று டீபக்கரில் காவல் வைத்தால் கட்டளை மாட்டிக்கொள்ளும். அதன் பைட்டுகளை 90 என்று மாற்றிவிட்டால், x86 வகை (இன்டெல், ஏஎம்டி) சிப்பில் அதற்கு 'ஒன்றும் செய்யாதே' என்று பொருள் (இந்த 90 பதினாறடிமான எண், மேலே வந்த காசுக் கணக்கு அல்ல). அப்புறம் அடித்தாலும் உயிர் குறையாது. எதிரிகளுக்கும் குறையாது! பல கேம்களில் எல்லோருக்கும் ஒரே கட்டளைதான் உயிரைக் கழிக்கிறது. அடி வாங்குவது ஹீரோவா என்று பார்த்துப் பிரிக்க, சின்னதாகச் சொந்தக் குறிமுறையை இடையில் செருக வேண்டும்.

இதெல்லாம் தனியாக ஆடும் கேம்களுக்குத்தான். ஆன்லைன் கேம்களில் பொதுவாகக் காசுக் கணக்கு சர்வரில் இருக்கிறது, உங்கள் கணினியில் இருப்பது அதன் நகல். நகலை 9999 என்று மாற்றினால் திரையில் 9999 தெரியும், ஏதாவது வாங்கப் போனால் சர்வர் தன் கணக்கைப் பார்த்துக் கொடுக்காது.